ஊர் சுற்ற ஒரே ஜூம் லென்ஸ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கெடிலக்கரை

மாசி மகம் முடிந்து இத்தனை நாளாகியும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

புதுச்சேரி வைத்திக்குப்பம் தெரியும்தானே. மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று ஊர் ஊராகச் சாமிகள் வந்து கடற்கரையில் வரிசையாக நிற்கும் நாள். என் கழுத்தில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடி, 24-105 எஃப் 4 லென்ஸ். 24 மிமீ-யில் அகலமாக வரும், 105-இல் தூரத்தைக் கிட்டே இழுக்கும்; எஃப் எண் ஏற ஏற வெளிச்சம் குறையும். பையில் வேறு லென்ஸ் இல்லை. போலீஸ் கயிறு கட்டி நிறுத்திய இடத்துக்கும் தண்ணீருக்கும் நல்ல தூரம். தீர்த்தவாரிக்குக் குருக்கள் அஸ்திர தேவரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இறங்கினார். அலை ஒன்று வந்து ஆளையே மூடிவிட்டது. தண்ணீருக்கு மேலே இரண்டு கைகள், கைகளுக்கு மேலே சாமி, அவ்வளவுதான் தெரிந்தது. 105-இல் அது கட்டைவிரல் நகம் அளவு.

பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன். கிராப் சென்சார் (சின்னச் சென்சார்) பாடியில் 18-400 போட்டிருந்தான். படபடவென்று எடுத்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினான். அந்தக் கைகளில் நரம்பு தெரிந்தது, சாமி மேல் மஞ்சள் தண்ணீர் வழிந்தது தெரிந்தது. "அண்ணா, உங்களுக்கும் வந்துச்சா?" என்றான். வந்துச்சுப்பா என்றேன்.

அந்தப் பக்கம் இன்னொருவர். பழைய ஸ்டுடியோக்காரர், 35 மிமீ லென்ஸ் ஒன்றுதான் வைத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றுக்கு அடியில் நுழைந்து முழங்கால் தண்ணீரில் போய் நின்றுகொண்டார். போலீஸ்காரர் அவருக்கு வணக்கம் வைக்கிறார்!

அந்தப் பையன் கேட்டதிலிருந்து 28-200 வாங்கலாமா என்று யோசனை. ஆனால் 24-ஐ விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஒரே லென்ஸோடு சுற்றுகிறவர்கள், உங்களுக்கு உறுத்துவது எது?

மஞ்சள் சுவர்

28-இல் தொடங்கும் லென்ஸா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பிரான்சிலிருந்து சித்தப்பா மகள் வந்திருந்தாள். தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அவர் வாடகைக்கு இருந்த வீடு ஒயிட் டவுனில், ரோமன் ரோலண்ட் வீதிக்குப் பக்கத்துக் குறுக்குத் தெருவில் இன்னும் அப்படியே நிற்கிறது. வாசல் கேட், மாடி பால்கனி, உச்சியில் கைப்பிடிச்சுவர் எல்லாம் ஒரே படத்தில் வேண்டும், அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். கேட் வந்தால் கைப்பிடிச்சுவர் போகிறது. கேமராவை அண்ணாத்திப் பிடித்தால் வீடு பின்னால் சாய்கிறது. போதாததற்கு நடுவில் வாடகை ஸ்கூட்டர்கள்.

எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கதவைத் திறந்து, "தம்பி, செவுத்தோட எதுக்கு மல்லுக்கட்டுற, உள்ள வந்து எடு" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் வீட்டு நடையில் நின்று எடுத்தேன். அப்போதும் கேட்டின் ஒரு கதவு வெளியேதான். சரி, கேமராவை நிமிர்த்திப் பிடித்து இடமிருந்து வலமாக மூன்று படம் எடுத்து வீட்டில் ஒட்டவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் தங்கச்சி போனில் 0.5 அகல லென்ஸைத் தட்டி ஒரே சொடுக்கில் எடுத்து, பாரிஸுக்கு அனுப்பி, சித்தப்பாவிடமிருந்து அழுகைக் குரலில் வாய்ஸ் மெசேஜும் வந்துவிட்டது. நான் எதிர்வீட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு இதுதான். 8 மீட்டர் அகலத் தெருவில் எதிர்ச்சுவரில் நின்றால் 24-இல் 12 மீட்டர் வீடு வரும். 28-இல் 10 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தெருவில் அந்த இரண்டு மீட்டரில்தான் கேட் இருக்கிறது.

உப்புக்காற்று

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நண்டு வளையைப் படமெடுக்க டிரைபாடில் கேமராவைக் குனித்து வைத்தேன். பழைய 18-200. மூக்கு தானாக இறங்கி 200-க்குப் போய்விட்டது. ஏற்றிவிட்டால் மறுபடி இறங்குகிறது. சுண்டல் விற்கும் பொடியன் ஒருவன் கூட்டத்தையே கூப்பிட்டான்: "டேய், சாரு கேமரா தானா நீளுதுடா!" என் கதை அவ்வளவுதான்.

இனி கெடிலக்கரைக்கு. புது லென்ஸ் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் பழைய படங்களைப் பாருங்கள். எந்த மென்பொருளிலும் குவியத் தூரப்படி வடிகட்டலாம். உங்கள் படங்களில் பாதி 24-க்கும் 35-க்கும் நடுவில் இருந்தால் ஒரு தீர்த்தவாரிக்காக லென்ஸை மாற்றுவது வீண். எல்லாம் 105-லேயே குவிந்திருந்தால் கயிற்றைக் குறை சொல்ல வேண்டாம், மாற்றுங்கள்.

எடையைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். வித்தியாசம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. சோனி 24-105 எஃப் 4 663 கிராம். டாம்ரான் 28-200 575 கிராம். நிக்கான் இசட் 24-120 எஃப் 4 630, அவர்களுடைய 24-200 570. கேனான் ஆர்எஃப் 24-105 எஃப் 4 700, 24-240 750. ஒரு தண்ணீர் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் எல்லாம் சரியாகிவிடும். கிராப் பாடிக்காரர்கள் ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கேனான் என்றால் 1.6. கேனான் 18-135 ஏறக்குறைய 29-216 ஆகிறது. ஃபியூஜி 16-80 என்றால் 24-120. கிராப் பாடியில் 18-இல் தொடங்கும் எதுவுமே மஞ்சள் சுவர் சொன்ன அதே கேட்டில் மாட்டும். 16 அல்லது 17-இல் தொடங்குவதைப் பாருங்கள்.

வெளிச்சம்தான் பெரிய விஷயம். அந்த 28-200, 28-இல் மட்டும்தான் எஃப் 2.8. ஜூமைத் திருகத் திருக இறங்கிக் கடைசியில் எஃப் 5.6. உங்கள் எஃப் 4-ஐ விட ஒரு ஸ்டாப் குறைவு, அதாவது பாதி வெளிச்சம். மதியம் கடற்கரையில் கவலையில்லை. பாடலீஸ்வரர் கோயில் தெருவில் இரவு உற்சவம் என்றால் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 6400-க்குப் போயாக வேண்டும். அந்த லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, பாடியில் இருந்தால் உண்டு. பாடியில் இருந்தாலும் உங்கள் கை நடுக்கத்துக்குத்தான் அது. சாமி தூக்குகிறவர்கள் அசைவதை நிறுத்தாது.

இன்னொன்று. பகல் பன்னிரண்டு மணிக்குக் கடலில் தூரத்துப் படகை 400-இல் எடுத்துவிட்டு லென்ஸ் மங்கல் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். அது கானல். சூடான மணலுக்கு மேலே காற்று நெளிகிறது. எந்த விலை லென்ஸிலும் நெளியும். காலையில் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரம் செய்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள், உடனே காய்ந்த துணி. மூக்கு நீளும் லென்ஸை மணலோடு உள்ளே தள்ளாதீர்கள், முதலில் ஊதும் பந்தால் ஊதிவிடுங்கள். மழைக்காலத்தில் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கடைசியாக, 105-இல் எடுத்து வெட்டிக்கொள்ளலாமே? 24 மெகாபிக்சல் படத்தை 200 அளவுக்கு வெட்டினால் 6.6 மெகாபிக்சல் மிஞ்சும். வாட்ஸ்அப்புக்கு அது ஏராளம்.

சுரபுன்னை

உப்புக்காற்று சார், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டீர்கள். 6.6 ஏராளம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. வெட்டும்போது புள்ளி புள்ளியாக இரைச்சலும் சேர்ந்து பெரிதாகிறது. எஃப் 4-இல் மிச்சம் பிடித்த ஒரு ஸ்டாப்பை வெட்டிய இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

நான் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போன கதையைச் சொல்கிறேன். துடுப்புப் படகு, என்னிடம் 18-300. பறவைக்காகத்தான் வாங்கினேன். அகலமான நீர்வழியில் கொக்கு, நாரை, மீன்கொத்தி எல்லாம் எடுத்துத் தள்ளினேன். அப்புறம் படகுக்காரர் ஒரு சின்ன வாய்க்காலுக்குள் திருப்பினார். மேலே கிளைகள் சேர்ந்து கூரை போட்டிருக்கும் இடம், போனவர்களுக்குத் தெரியும். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே சாயங்காலம். வேர்கள் இரண்டு பக்கமும் படகை உரசுகின்றன. துடுப்பு போட இடமில்லை. அவர் வேரைக் கையால் பிடித்துப் படகை இழுக்கிறார். ஒரு வளைவில் தலையைச் சாய்த்துக் குனிந்து, திரும்பி என்னைப் பார்த்து, "அண்ணே, தலை!" என்றார். நான் குனிந்துகொண்டே 18-க்குத் திருகி எடுத்தேன்.

அந்த ஒரு படம்தான் தேறியது. முகத்தில் இலை வழியாக விழுந்த வெளிச்சம், வேரைப் பிடித்த கை, பின்னால் பச்சைக் குகை. பறவை எல்லாம் குப்பை. இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், 300 இருக்கிறது என்ற காரணத்தால்தான் அந்த லென்ஸ் என்னிடம் இருந்தது. படம் கிடைத்ததோ 18-இல். இரண்டு லென்ஸ் கொண்டுபோயிருந்தால் பறவை லென்ஸ்தான் பாடியில் இருந்திருக்கும். ஆடும் படகில், உப்புத்தண்ணீருக்கு மேலே, லென்ஸைக் கழற்ற எனக்குக் கை வராது. ஆகவே ஒரே ஜூம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஜூம் நீளம் எதற்கு என்றுதான் புரியவில்லை.

மீன்முள்

வெட்டலாமா வேண்டாமா என்று நீங்கள் சண்டை போடுங்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

கடலூர் முதுநகர் துறைமுகம், விடியற்காலை மீன் ஏல நேரம். என்னிடம் அப்போது 200 வரை போகும் ஜூம். பெண்ணாகத் தனியாகப் போகிறேன், கூட்டத்துக்குள் நுழையத் தயக்கம். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று 200-இல் எடுத்துக்கொண்டிருந்தேன். மீன் வெட்டும் அம்மா ஒருவர் நிமிர்ந்தார். அரிவாள்மனையில் கால், முழங்கைவரை செதில் ஒட்டி மினுங்குகிறது. அவ்வளவு பேர் நடுவிலும் லென்ஸ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஏ பாப்பா! ஒளிஞ்சு நின்னு என்ன எடுக்கற? கிட்ட வா. இந்தக் கையும் வரட்டும்."

போனேன். பெட்டியைத் திருப்பிப் போட்டு உட்கார வைத்தார். பாதி நேரம் பேச்சுதான். எந்த மீனுக்கு இன்றைக்கு விலை இல்லை, மருமகள் எந்தக் கடையில் வேலை பார்க்கிறாள், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா. நடுவில் எடுத்த படங்கள் எல்லாம் 24-க்கும் 50-க்கும் உள்ளே. இப்போது என்னிடம் இருப்பது 17-70 எஃப் 2.8, கிராப் பாடியில். 200 வேண்டும் என்று எங்கேயாவது தோன்றினால், அந்த அம்மாவின் குரல்தான் கேட்கிறது. நல்லதா கெட்டதா தெரியவில்லை, பறவை எதுவும் எடுப்பதில்லை இப்போது.

கெடிலக்கரை சொன்ன ஸ்டுடியோக்காரருக்குப் போலீஸ் வணக்கம் வைத்தது 35 மிமீ-யைப் பார்த்தல்ல. அந்தப் போலீஸ்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தையே அந்தப் பெரியவர்தான் எடுத்திருப்பார்.

உப்புக்காற்று

மீன்முள் சொல்வது துறைமுகத்துக்குச் சரி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாமியிடம் போய்ப் பெட்டியைப் போட்டு உட்கார முடியுமா? "கால் இருக்கிறதே, நட" என்று ஜூம்காரர்களிடம் சொல்வது எளிது. ஊர்க்காரருக்குத்தான் வழி விடுவார்கள். வெளியூர்க்காரன் கயிற்றைத் தாண்டினால் லத்திதான்.

சுரபுன்னைக்கு: இரைச்சல் விஷயம் உண்மைதான். வாபஸ்.

பழைய சரக்கு

குறுக்கே ஒரு சின்னக் கதை. செகண்ட் ஹேண்ட் 24-120 ஒன்று பாதி விலைக்கு வந்தது. விற்பவர் வீடு கடற்கரையை ஒட்டி. முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, பின்னாலிருந்து போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் நூல் நூலாகப் பூஞ்சை. அவர் அசரவில்லை. "படத்துல தெரியாது சார், பந்தயம் கட்றேன்" என்று என் கார்டைப் போட்டு அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்தும் காட்டினார். தெரியவில்லை. சூரியனைப் பார்த்து எடுத்தால் மட்டும் லேசாக ஒரு மூட்டம்.

வாங்காமல் வந்துவிட்டேன். பூஞ்சை வளரும், சுத்தம் செய்யும் செலவு லென்ஸ் விலைக்கு வரும் என்று எல்லாரும் சொல்வதுதானே. ஆனால் அந்த மொட்டைமாடிப் படம் இன்னும் என் கார்டில் கிடக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, சனியன்.

கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. உப்புக்காற்று சொன்னபடி படங்களை வடிகட்டிப் பார்த்தேன். 24-இல் ஒரு குவியல், 105-இல் ஒரு குவியல், நடுவில் வெறிச்சோடிக் கிடக்கிறது. அதாவது இரண்டு பக்கமும் எனக்குப் பத்தவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது?

மஞ்சள் சுவர் சொன்ன போன் யோசனைதான் கொஞ்சம் வழி காட்டுகிறது. அகலத்துக்குப் பையில் போன் எப்படியும் இருக்கிறது. சாமியை 200-க்கு இழுக்கும் போன் என்னிடம் இல்லை. மீன்முள் கோபிக்க வேண்டாம், சாமி என்னைப் பார்த்து "கிட்ட வா" என்று கூப்பிட்டால் கட்டாயம் போவேன்.

ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் வருகிறது. நண்பரிடம் 28-200 இரவல் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார். தேர் முழுசாக 28-இல் வருகிறதா, வடம் பிடிக்கும் கூட்டத்தில் ஒரு முகம் 200-இல் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படத்தோடு வருகிறேன். 24-105-ஐ அதுவரை விற்பதாக இல்லை. தனிச்செய்தியில் விலை கேட்கும் இரண்டு பேர் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும்.

பழைய சரக்கு

அதில் ஒருவன் நான்தான். இருக்கட்டும். டாம்ரான் 28-200-க்கு ஃபில்டர் அளவு 67 மிமீ. உங்கள் 24-105-இன் 77 பொருந்தாது. தேரில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், இரவல் லென்ஸ் வேறு. என்னிடம் 67-இல் ஒரு யுவி ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் மாட்டும் காப்புக் கண்ணாடி) சும்மா கிடக்கிறது. மூலக்குளம் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இருட்டியதும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மின்விளக்கெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும்.