ஆய்வு முடிந்து பேப்பர் வந்த பிறகு என்ன நடக்கிறது? டி.பி. துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

ஆய்வு_மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டி.பி. நோயாளிகளின் வீட்டில் இருப்பவர்களுக்குத் தரும் தடுப்பு மாத்திரையைப் பலர் ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. கடைசியில் "இந்த ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன்" என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். "இதன் முடிவுகள் கொள்கை வகுப்பாளர்களுக்கு உதவும்" என்று எழுதிக் கொடுத்தேன். கைடு சிவப்பு மையில் "யார் அவர்? எந்த அலுவலகம்? எந்த முடிவு?" என்று எழுதித் திருப்பிவிட்டார்.

உண்மையிலேயே எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு ஆய்வு கல்லூரி வாசலைத் தாண்டி ஒரு நோயாளியிடம் எப்படிப் போய்ச் சேருகிறது? நேரில் பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

போய்ச் சேராது என்பதுதான் சுருக்கமான பதில். பேப்பர் வரும், பதவி உயர்வு வரும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை எல்லோரும் எழுதுவது போலவே எழுதிவிட்டு டிகிரியை வாங்குங்கள்.

பழைய_எஸ்டிஎஸ்:

கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

நான் டி.பி. பிரிவில் சிகிச்சை மேற்பார்வையாளராக, அதாவது எஸ்.டி.எஸ். ஆக, இருந்து ஓய்வு பெற்றவன். விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கம் பைக்கில் சுற்றியே சர்வீஸ் ஓடியது. பேப்பர் எதுவும் எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதியது கார்டாகவும் மாத்திரைப் பெட்டியாகவும் கைக்கு வந்தபோது, அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவன்.

சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதல்லவா, 1956-இல் அது தொடங்கியபோது அதற்கு முன்னால் இருந்தது ஒரே கேள்வி. அன்றைக்கு டி.பி. என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயரில் இன்றும் ரயில் நிற்கிறது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகள் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. மாத்திரையைக் கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்தால் குணமாகுமா? வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றாதா?

சென்னையின் நெரிசலான பகுதிகளில் இருந்த ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப்பேரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மீதிப்பேரை வீட்டிலேயே விட்டார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.-உம், ஒரு வருடம். 1959-இல் முடிவு வந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டுத் தரப்பின் சாப்பாடு மோசம், வேலைக்கும் போனார்கள், ஒரே அறையில் குடும்பமே படுத்தது. அப்படியும் இவ்வளவுதான் வித்தியாசம். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1962-இல் வந்த தேசியத் திட்டம் வீட்டு சிகிச்சையை அடிப்படையாக வைத்தது. மற்ற நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

பேப்பர் உலகத்தை மாற்றிய கதை என்று இதைத்தான் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்வார்கள். கைத்தட்டலும் உண்டு. எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது.

சேத்துப்பட்டுக்காரர்கள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் நோயாளி வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். மருந்தை ஒழுங்காக எடுக்க வைப்பதுதான் இந்த வைத்தியத்தின் பெரிய சிக்கல் என்று அந்த ஆய்வை வழிநடத்திய பிரிட்டிஷ் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையை அடுத்தடுத்த ஆய்வுகளில் அதே இடத்தில்தான் சோதித்துப் பார்த்தார்கள். அரசாங்கம் எதை எடுத்துக்கொண்டது? படுக்கை தேவையில்லை என்பதை. அதில் காசு மிச்சம். ஆள் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதை விட்டுவிட்டது, ஏனென்றால் அதற்குச் சம்பளம் தர வேண்டும். மாத மருந்தைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். 1992-இல் திட்டத்தைப் பரிசீலித்தபோது, தொடங்கியவர்களில் பாதிப்பேர்கூட முடிக்கவில்லை என்று தெரிந்தது. 1993-இல் சோதனை முறையில் டாட்ஸ், அதாவது கண்முன்னே மருந்து கொடுக்கும் திட்டம், வந்தது, 1997-இல் பெரிய அளவில் தொடங்கியது, நாடு முழுக்கப் போய்ச் சேர 2006 ஆனது. என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் திட்டத்தில்தான் வேலையே கிடைத்தது. சென்னையில் கண்டுபிடித்தது வெளிநாடெல்லாம் சுற்றி, புதுப் பெயரோடு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தது என்று நாங்கள் கிண்டலாகச் சொல்வோம்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். அதே நோயாளிகளை வைத்து 1961-இல் இன்னொரு கட்டுரை வந்தது. மருந்து ஒழுங்காகப் போனால், நோய் அடங்குவதில் உணவுக்குப் பெரிய பங்கில்லை என்று அது சொன்னது. அந்தக் கேள்விக்கு அது சரியான பதில்தான். ஆனால் "டி.பி.க்கு சாப்பாடு முக்கியமில்லை" என்று அது சுருங்கிப்போனது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முப்பத்தைந்து கிலோ எடையில் வந்து நிற்கும் கூலித்தொழிலாளியிடம் "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்வதோடு எங்கள் கடமை முடிந்தது. எதைச் சாப்பிடுவார், எங்கிருந்து சாப்பிடுவார் என்று கேட்கும் கட்டம் எந்தக் கார்டிலும் இல்லை.

அப்புறம் ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில் ரேஷன்ஸ் என்ற பெயரில் ஒரு ஆய்வு நடந்தது. டாக்டர் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில். அதில் சேத்துப்பட்டு நிறுவனமும் உண்டு என்பதைக் கவனியுங்கள். 2,800 நோயாளிகளுக்கு மாதாமாதம் உணவுப் பொட்டலம். ஒரு பகுதியில் வீட்டில் இருப்பவர்களுக்கும் அரிசி, பருப்பு. 2023-இல் லான்செட் மருத்துவ இதழ்களில் முடிவு வந்தது. வீட்டாருக்கும் உணவு கொடுத்த இடத்தில் அவர்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. தேசியத் திட்டம் 2018 முதல் நோயாளியின் கணக்கில் போட்டுவந்த மாதம் 500 ரூபாயை 2024 நவம்பரில் 1,000 ஆக்கினார்கள். வீட்டாருக்கான பொட்டலத்தை மட்டும் நன்கொடையாளர்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். மறுபடியும் பாதி.

அதனால் உங்கள் கைடுக்கு என் பதில்: ஆய்வு போய்ச் சேருகிறது. ஆனால் செலவு குறைவான பாதி முதலில் போகிறது. மற்ற பாதிக்கு, எழுதியவரே கூடவே நடந்து போனால்தான் உண்டு.

வார்டு_சிஸ்டர்:

ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று. நான் ஸ்டாஃப் நர்ஸ். 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தபோது ஓ.பி.யில் இருந்தேன். டி.பி. இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் 2 மாதத்துக்குள்தான் நடக்கிறது. யாருக்கு ஆபத்து என்று முதல் நாளே கண்டுபிடித்து அட்மிட் செய்ய வேண்டும். அதற்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்றெல்லாம் வைத்திருந்தால் எங்கள் இடத்தில் நடந்தே இருக்காது.

அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தார் வைத்தது இவ்வளவுதான்: பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 14 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா, 16 வரை இருந்து இரண்டு காலிலும் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குகிறாரா, ரத்தத்தில் ஆக்ஸிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கிறதா, பிடிக்காமல் நிற்க முடியவில்லையா. எடை மெஷின், உயர அளவுகோல், கைக்கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதும். கோவிட் முடிந்த நேரம், ஆக்சிமீட்டர் எல்லா இடத்திலும் இருந்தது. டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நானே பார்த்துவிடுவேன்.

முதலில் எரிச்சல்தான். இன்னொரு தாள், இன்னொரு நோட்டு! ஆனால் நடந்தே வந்த ஒருவரை நிற்கச் சொன்னபோது மேஜையைப் பிடித்துக்கொண்டார். பழைய வழக்கப்படி என்றால் மாத்திரை கொடுத்து பஸ் ஏற்றியிருப்போம்.

கணக்குப்பிள்ளை:

சரி, என் முதல் பதிலை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் கேட்கிறேன். சேத்துப்பட்டு ஆய்வில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ்காரர்கள் என்று நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். இந்தப் பெண் செய்வது ஒரு தாலுகாவில் ஒரு மாணவர் ஆய்வு. அதை இதோடு ஒப்பிட்டு என்ன பயன்?

ஆய்வு_மாணவி:

அதுதான் சார் என் பயமும். என்னிடம் இருப்பது நாற்பது வீட்டுப் பேட்டிகள். அடிக்கடி வருவது ஒரே பதில்: வாரம் ஒருமுறை போடும் மாத்திரையைப் போட்டதும் சிறுநீர் ஆரஞ்சாகப் போனது, ரத்தம் என்று பயந்து நிறுத்திவிட்டோம் என்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? இதைப் போய் என்ன "தாக்கம்" என்று எழுத?

பழைய_எஸ்டிஎஸ்:

டாக்டர்களுக்குத் தெரியும்மா. அந்த வார மாத்திரையில் இருக்கும் ரிஃபாபென்டின் என்ற மருந்து அப்படித்தான். மாத்திரை வாங்கப் போன வீட்டுக்காரருக்குத் தெரியுமா, அவர் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டிக்குச் சொன்னாரா என்பதுதான் உங்கள் ஆய்வு. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை சொன்ன நான்கு பேரில் ஒருவர் மாநில அரசு, பாருங்கள். முடிவு வந்த பிறகு கதவைத் தட்டவில்லை, முதலிலிருந்தே உள்ளே இருந்தார்கள். உங்கள் அளவுக்கு அந்த மாநில அரசு யார்? அந்தத் தாலுகாவின் எஸ்.டி.எஸ். தடுப்பு மாத்திரையைக் கையில் கொடுப்பது யார் என்று அவரைக் கேளுங்கள். சில இடத்தில் அவரே, சில இடத்தில் கிராம சுகாதார செவிலியர், சில இடத்தில் ஆஸ்பத்திரி ஃபார்மசிஸ்ட். அவர்கள் கொடுக்கும்போது என்ன சொல்கிறார்கள் என்று அரைநாள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தப் பக்கத்தில் "கொள்கை வகுப்பாளர்" என்ற சொல்லை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: மாத்திரை கொடுப்பவர் முதல் வாரமே வீட்டில் உள்ள எல்லோரிடமும் சிறுநீர் நிறம் மாறும் என்று சொல்ல வேண்டும், மூன்றாம் நாள் ஒரு போன் செய்ய வேண்டும், அதற்கு கார்டில் ஒரு கட்டம் வேண்டும், முடிவெடுக்க வேண்டியவர் மாவட்டக் காசநோய் அலுவலர். போன் செய்ய எவ்வளவு நேரம் ஆகும், அதை யார் வேலையில் சேர்ப்பது என்பதையும் எழுதிவிடுங்கள். அதை விட்டால் "சொல்ல வேண்டும்" என்பதை மட்டும் சுற்றறிக்கையில் போட்டுவிட்டு போனை மறந்துவிடுவார்கள்.

மாவட்ட அலுவலகத்தில் எஸ்.டி.எஸ். எல்லோரும் கூடும் மாதாந்திரக் கூட்டம் உண்டு. பத்து நிமிடம் கேளுங்கள். பவர்பாயின்ட் வேண்டாம், ஒரே தாளில் தமிழில் கொண்டு போங்கள். மதியத்துக்கு முன்னால் நேரம் வாங்குங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் பாதிப்பேர் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள்.