நாயின் முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எங்கே எடுக்கலாம்?

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாய் செல்லியின் வலது பின்னங்காலில், முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். வழி கிடைக்கவில்லை.

லாப்ரடார், பெண், 6 வயது, 31 கிலோ. மழை தொடங்கிய சமயத்தில் நொண்ட ஆரம்பித்தாள். படுத்து எழுந்தவுடன் விரல் நுனியால் மட்டும் தரையைத் தொட்டுத் தொட்டு நடப்பாள், கொஞ்ச தூரம் போனபின் தேவலை. உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் வெளிப்பக்கம் நீட்டிக்கொள்கிறாள். முட்டியின் உள்பக்கம் தடவினால் தடிப்பாக இருக்கிறது.

பொள்ளாச்சியில் எக்ஸ்ரே எடுத்தோம். மூட்டில் நீர் கோத்திருக்கிறது, எலும்பு முறிவு இல்லை. டாக்டர் கையால் அசைத்துப் பார்த்தபோது கீழ் எலும்பு லேசாக முன்னால் நகர்ந்தது. லிகமென்ட் (மூட்டு எலும்புகளைப் பிணைக்கும் நார்) பாதி கிழிந்திருக்கலாம் என்றார். வலி, வீக்கத்துக்கு மெலாக்சிகாம் மருந்து கொடுத்தோம், சாப்பாட்டைக் குறைத்தோம், ஓட விடுவதில்லை. மருந்தை நிறுத்தினால் பழையபடி.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. நாய்க்கு அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். அதனால் காந்தத் திறன் குறைந்த எம்.ஆர்.ஐ. மெஷினில் எடுத்தாலும் தெளிவாக வராது. அசையாமல் இருக்க முழு மயக்கமும் கொடுக்க வேண்டும். மனிதர்களுக்கான ஸ்கேன் சென்டர்களில் கேட்டோம், நாய்க்கு எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். குருத்தெலும்பு ஏற்கெனவே போயிருந்தால் அவள் எவ்வளவு தேறுவாள் என்ற கணக்கே மாறிவிடும்.

கோவை, பாலக்காடு, திருச்சூர் பக்கம் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, 1.5 டெஸ்லா காந்தத் திறன் உள்ள மெஷினில் முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடம் எது?