கிளறிய முட்டை தட்டில் தண்ணீர் விடுகிறது, ஏன்?

கேள்வி:
அம்மாவுக்குப் பல் பிடுங்கி ஆறு நாள் ஆகிறது. மென்று தின்ன முடியாததால் காலையில் முட்டை கிளறித் தருகிறேன். மூன்று முட்டைக்குக் கால் கோப்பை பால் ஊற்றி அடித்து, வாணலி நன்றாகக் காய்ந்ததும் கொட்டுவேன். அடுப்பில் பஞ்சுபோல இருப்பது தட்டுக்கு வந்ததும் ரப்பராகி, அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்குகிறது. நேற்று இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டார். அவருக்கு வயது 74, அரைவேக்காடாகக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. மிருதுவாகவும் இருக்க வேண்டும், முழுதாக வெந்தும் இருக்க வேண்டும். இரண்டும் கூடிவருமா?

பதில் 1:
கூடிவரும். பாதித் தவறு பாலில் இருக்கிறது, மீதி தீயில். முட்டையின் புரதம் சூட்டில் ஒன்றோடொன்று பின்னி வலையாகி, நீரைத் தனக்குள் பிடித்துக்கொள்கிறது. சூடு மிஞ்சினால் அந்த வலை இறுகி, பிடித்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நீங்கள் தட்டில் பார்ப்பது அதைத்தான். கால் கோப்பை பாலைத் தாங்க மூன்று முட்டையால் முடியாது. முட்டைக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

வாணலி காய வேண்டாம். வெண்ணெய் உருகிச் சலசலப்பு இல்லாமல் இருக்கும்போதே ஊற்றுங்கள். சிறுதீயில் மரக்கரண்டியால் அடியை வழித்துக்கொண்டே இருங்கள். முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அப்போது தீயைக் கூட்டினால் எல்லாம் வீண். பிறகு சட்டென்று திரளத் தொடங்கும், அதன்பின் வேறெங்கும் திரும்பக் கூடாது. ஓடும் திரவம் மறைந்து, மேலே ஈரப் பளபளப்பு மட்டும் மிஞ்சும் நொடியில் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால், தீயை அணைத்தாலும் வெந்துகொண்டேதான் இருக்கும்.

பதில் 2:
உப்பை 15 நிமிடம் முன்பே போட்டு அடித்து வையுங்கள். நிறம் சற்றுக் கருக்கும், கவலை வேண்டாம். புரதம் அவ்வளவு இறுக்கமாகப் பின்னாது, தண்ணீரும் குறைவாகவே விடும். முதியவருக்கு என்பதால் சமையல் வெப்பமானி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்டினால் நிம்மதியாகக் கொடுக்கலாம். அந்தச் சூட்டில் முட்டை இன்னும் மிருதுவாகத்தான் இருக்கும். 80-ஐத் தாண்டவிட்டால்தான் ரப்பர்.

கேட்டவர்:
இன்று ஆறரை நிமிடம் நின்று கிளறினேன், வெப்பமானி 72 காட்டியது. தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மா கரண்டியால் வழித்து வழித்து முழுவதும் தின்றுவிட்டார்! ஆனால் எனக்கென்று இரும்பு வாணலியிலேயே மூடி வைத்த மிச்சம் ஒரு மணி நேரத்தில் பச்சை நிறமாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில் 1:
கெடவில்லை. வெள்ளைக்கருவின் கந்தகமும் இரும்பும் சூட்டில் சேர்ந்ததால் வந்த நிறம். மஞ்சள்கருவிலேயே இரும்பு உண்டு, உங்கள் வாணலி இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறது. தின்னலாம், சுவைதான் மட்டு. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். நாளை அம்மாவுக்கு இரண்டு முட்டையை மட்டும் கிளறுங்கள்; உங்களுடையதைப் பசிக்கும்போது தனியாகச் செய்துகொள்ளலாம்.