ஓபரா கேட்கும்போது ஸ்கோரில் இடம் தவறுகிறது, என்ன செய்யலாம்?

குளத்தடி (கிளிநொச்சி):
வணக்கம். கோயில் பாடகர் குழாமில் தெனோர் (ஆண்களின் மேல் குரல்) பாடுகிறேன், அதனால் நான்கு குரல் ஸ்கோர் (இசையைக் குறிகளில் எழுதிய ஏடு) ஓரளவு வாசிக்க வரும். இப்போது இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் லா த்ராவியாத்தா என்ற ஓபராவில் மனம் ஒட்டிவிட்டது. ஸ்கோர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஐ.எம்.எஸ்.எல்.பி. இணையத்தளத்தில் ஸ்கோரை இறக்கிப் போனில் வைத்து, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு பழைய ஒலிப்பதிவு ஒன்றோடு பார்க்கிறேன். முதலாம் அங்கத்தின் முடிவில் கதாநாயகி வியோலெத்தா மேலே ஏறிப் பிடிக்கும் சுரம் ஸ்கோரில் இல்லவே இல்லை. இரண்டாம் அங்கத்தில் அவளுடைய காதலன் அல்ஃப்ரேதோ பாடி, வேலைக்காரி அன்னீனா வந்து பேசிவிட்டுப் போனதும் எனக்கு இடம் தெரியாமல் போய்விடுகிறது, சில பக்கம் தள்ளித்தான் மறுபடி பிடிக்கிறேன். ஒரு பக்கத்தில் இத்தனை வரிகள், எதைப் பார்ப்பது?

மாங்குளத்தான்:
தம்பி, உங்களில் பிழை இல்லை. அந்த இடத்தில் அல்ஃப்ரேதோவுக்கு 'ஓ மியோ ரிமோர்சோ' என்று வேகமான கபலெத்தா (பாட்டின் முடிவில் வரும் விறுவிறுப்பான பகுதி) ஒன்று இருக்கிறது, பழைய ஒலிப்பதிவுகளில் அதை வெட்டிவிடுவது வழக்கம். அதே அங்கத்தில் தகப்பன் ஜெர்மோன் 'தி ப்ரொவென்ஸா' பாடிய பிறகு வரும் கபலெத்தாவுக்கும், மூன்றாம் அங்கத்தில் வியோலெத்தா பாடும் 'அத்தியோ தெல் பஸ்ஸாத்தோ'வின் இரண்டாம் சரணத்துக்கும் பலமுறை இதே கதிதான். எனக்கு இது இன்னும் மனவருத்தம். அல்ஃப்ரேதோ தன் வெட்கத்தைச் சொல்லும் இடத்தையே எடுத்துவிட்டால் அவன் ஏன் பாரிசுக்கு ஓடுகிறான் என்பது பாதிதான் விளங்கும்.

அப்புறம், நீங்கள் இறக்கியது ஆர்க்கெஸ்ட்ரா முழு ஸ்கோர் என்று நினைக்கிறேன். வோக்கல் ஸ்கோரை எடுங்கள், அதே தளத்தில் இருக்கும். குரல் வரிகளும் அடியில் பியானோவுக்குச் சுருக்கிய இரண்டு வரிகளும்தான், போன் திரைக்கும் அது போதும். முழு ஸ்கோரில் கிளாரினெட், ஹார்ன் எல்லாம் ஒலிக்கும் சுருதியில் எழுதப்படாமல் வேறு சுருதியில் இருப்பதால் தொடக்கத்தில் தலை சுற்றும்.

வவுனியா அக்கா:
நான் கர்நாடக சங்கீதம் படித்து, பிறகு இதற்குள் வந்தவள். முதலாம் அங்க முடிவில் நீங்கள் கேட்ட அந்த மேல் சுரம், ஈ ஃபிளாட், வெர்டி எழுதியது அல்ல, பாடகிகள் வழிவழியாகச் சேர்த்தது. கீர்த்தனைப் புத்தகத்தில் இல்லாத சங்கதியைப் பாடகர் போடுவதில்லையா, அப்படித்தான். எழுதியபடிதான் பாட வேண்டும் என்று நிற்கும் ரிக்கார்தோ முத்தி போன்ற நடத்துநர்களும் இருக்கிறார்கள்.

இடம் தவறாமல் இருக்க நான் செய்வது, கையில் தாளம் போடுவது. முதலாம் அங்க முடிவில் வியோலெத்தா பாடும் 'செம்ப்ரே லீபெரா' 6/8 தாளத்தில் இருக்கிறது, ஆறையும் எண்ணாதீர்கள், திஸ்ர நடையில், அதாவது மும்மூன்றாக, இரண்டு தட்டு என்று போட்டால் பக்கம் தானாக ஓடும். கண்ணைச் சொற்களில் வையுங்கள், காதைக் கீழே ஒலிக்கும் பாஸ் வரியில் வையுங்கள். தவறிவிட்டால் துரத்தாமல், அடுத்து வரும் தெரிந்த சொல்லில் காத்திருங்கள். இத்தாலியம் தெரியாவிட்டாலும் சொல்லின் ஓசை பிடிபட்டுவிடும்.

குளத்தடி:
அண்ணா, அக்கா, நன்றி. நேற்று வோக்கல் ஸ்கோரோடு இரண்டாம் அங்கத்தைப் பார்த்தேன், வெட்டிய பக்கங்களை முன்கூட்டியே குறித்துவைத்தேன், தகப்பனும் வியோலெத்தாவும் பேசும் நீண்ட இடம் முழுக்கத் தவறவில்லை. அவள் அழும் இடத்தில் குரல் வரியில் எத்தனை சின்னச் சின்ன ஓய்வுகள், மூச்சு முட்டுவதை வெர்டி அப்படியே எழுதிவைத்திருக்கிறார். இத்தனை நாள் கேட்டும் இது காதில் விழவில்லை. வெட்டாத ஒலிப்பதிவு ஒன்று கிடைத்தால் சொல்லுங்கள், அந்தக் கபலெத்தாவைக் கேட்க வேண்டும்.