ஆர்னம் லேண்ட் போகிறோம், முதலைகளோடு எப்படிக் காலம் தள்ளுவது?

நித்யா_நர்ஸ்:
நூலன்பாய் மருத்துவமனையில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. வட ஆஸ்திரேலியாவில், ஆர்னம் லேண்டின் வடகிழக்கு மூலை. கணவரும் ஆறு வயதுப் பையனும் கூட வருகிறார்கள். கடற்கரைப் படங்களைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. யாரைக் கேட்டாலும் முதலை, முதலை என்கிறார்கள். பையனுக்குத் தண்ணீரைக் கண்டால் போதும், இறங்கிவிடுவான். ஒரு இடத்தில் முதலை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

செம்மண்_சாலை:
வாங்க நித்யா. கண்டுபிடிக்க முடியாது. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டுதான் இங்கே எல்லாரும் நடமாடுகிறோம். கலங்கல் தண்ணீர் முழங்கால் ஆழம் இருந்தால் போதும், பெரிய முதலையே உள்ளே கிடக்கும், மேலே ஒரு சலனம் தெரியாது. கடல், கழிமுகம், ஓடை எதுவும் விதிவிலக்கில்லை. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே நன்னீரிலும் இருக்கும். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதால் இறங்கலாம் என்று அர்த்தமில்லை.

சில நேரம் சேற்றில் தடம் கிடைக்கும். வயிறு வழுக்கிப் போன அகலமான பட்டை, இரண்டு பக்கமும் கால் பதிவு, சில இடத்தில் வால் இழுத்த கோடு. ஓரம் காயாமல் பளபளவென்று இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

முக்கியமான விஷயம், முதலை நம் பழக்கத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே கரைக்கு வாக்கிங் போவது, ஒரே பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுவது, இதெல்லாம் வேண்டாம். ஓரத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளியே இருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பிடித்த மீனைக் கரையில் கழுவவே மாட்டார்; குடல், செதில் எல்லாம் பையில் கட்டி வீட்டுக்கு வந்துவிடும். (அந்த வண்டியில் ஏறிப் பார்த்தால் வாசனை தெரியும்!)

இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யோல்ங்கு மக்களில் குமாட்ஜ் குலத்தாருக்கு முதலை மூதாதை, பெயர் பாரு. என்னோடு வேலை செய்யும் ஒரு பாட்டி அதைச் சொந்தக்காரரைப் போலத்தான் பேசுவார். பேரப்பிள்ளைகள் ஓடைப் பக்கம் போனால் அதே பாட்டி போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். பையனை அவர்களோடு பழக விடுங்கள், தானாகக் கற்றுக்கொள்வான்.

டார்வின்_வாசி:
இவ்வளவு பயந்து ஏன் வாழவேண்டும்? 2014-ல் மட்டும் வடக்குப் பிரதேசத்தில் நான்கு பேரை முதலை அடித்துக் கொன்றது. ஆண்டுக்கு 300 முதலைகள் வரை கொல்லலாம் என்றிருந்த ஒதுக்கீட்டை 2024-ல் அரசே 1,200 ஆக்கியது. முதலைகளை இன்னும் குறைக்கவேண்டும் என்பேன்.

செம்மண்_சாலை:
ஊரை ஒட்டி வரும் முதலையைப் பிடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு 3,000 அளவுக்குக் குறைந்துபோய்தான் 1971-ல் பாதுகாப்பே வந்தது. இன்று சுமார் ஒரு லட்சம். ஆயிரம் குறைத்துவிட்டு எந்த ஓடையில் பிள்ளையை இறக்குவீர்கள்? ஒன்று மிச்சமிருந்தாலும் அதே ஐந்து மீட்டர்தானே.

இன்னொன்று, முதலைப் பண்ணைகளுக்காகக் காட்டில் முதலை முட்டை எடுக்கும்போது நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பூர்வகுடிகளுக்குப் பணம் போகிறது. மழை வெள்ளத்தில் எப்படியும் பாதிக்கு மேல் அழிந்துபோகும் முட்டைகள்தான் அவை. முதலையை விட்டுவைப்பதில் அவர்களுக்கு லாபம் இருக்கிறது, அதனால்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது.

நித்யா_நர்ஸ்:
சரி, அப்போ பையன் எங்கேதான் குளிப்பான்?

செம்மண்_சாலை:
ஊர் நீச்சல்குளத்தில். கடலை மறந்துவிடுங்கள், அக்டோபரிலிருந்து மே வரை கொடிய விஷமுள்ள பெட்டி ஜெல்லிமீனும் உண்டு. ஊருக்கு வெளியே கடற்கரைக்குப் போக பூர்வகுடிகளின் திமுரு அமைப்பு தரும் அனுமதிச்சீட்டு வேண்டும், வந்ததும் எடுத்துவிடுங்கள். அப்புறம், மழைக்காலத்தில் கேத்தரின் பக்கமிருந்து வரும் மண் சாலையை நம்ப முடியாது, சாமானை டார்வினிலிருந்து கப்பலில் அனுப்புங்கள். நாய் வளர்க்கிறீர்களா? அதற்குத் தனியாகச் சொல்லவேண்டும்.