நூறு ரூபாய் டாக்டர் எம்.பி. ஆகத்தான் வேண்டுமா?

ஏகாம்பரகுப்பம் தறிக்காரன்:
ஆந்திரா நகரியில் எங்கள் தறித் தெருவுக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரைப் பற்றித்தான். பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 2029 தேர்தலில் சித்தூர் தொகுதிக்கு எம்.பி. சீட் கேட்கிறாராம். இப்போதே கட்சி வேலையில் இறங்க வேண்டும் என்று அடுத்த மாதத்தோடு கிளினிக்கை மூடுகிறார்.

எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இருமல் என்று போனால் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் "எத்தனை தறி ஓட்டுறே, ஷெட்டுல ஜன்னல் இருக்கா?" என்று கேட்கிற மனுஷன். என் அம்மாவுக்குத் தெலுங்கும் படிக்க வராது, தமிழும் படிக்க வராது. அதனால் மாத்திரை அட்டையின் பின்னால் பேனாவால் சூரியன், நிலா வரைந்து கொடுப்பார். அம்மா ஒரு வேளை தவறவிட்டதில்லை. அவர் டெல்லிக்குப் போய் 543 பேரில் ஒருவராக உட்கார்ந்து என்ன ஆகப் போகிறது?

மெடிக்கல் ஷாப் மணி:
அண்ணா, அந்தச் சூரியனைப் பார்த்துவிட்டு திருத்தணிக்காரர் ஒருவர் "டாக்டர் எந்தக் கட்சின்னு இப்போ தெரியுது" என்று என் கடையில் சிரித்தார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர் மூடினால் முதல் அடி என் கல்லாவுக்குத்தான். அப்படியும் போகட்டும் என்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதே பஞ்சுத் தூசி இருமல், அதே காது மந்தம். ஒரே சிரப்பை எத்தனை வருஷம் எழுதுவது? ஒய்.எஸ்.ஆர்., அதான் ராஜசேகர ரெட்டி, புலிவெந்துலாவில் ஒரு ரூபாய் டாக்டராக இருந்தவர். அவர் அரசியலுக்குப் போனதால்தானே 2005-ல் 108 ஆம்புலன்ஸும் 2007-ல் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் தரும் ஆரோக்கியஸ்ரீயும் வந்தன?

குப்பம் கலா (நர்ஸ்):
மணி, அதெல்லாம் அவர் முதல்வராக இருந்து செய்தது. அதற்கு முன் 1989, 91, 96, 98 என்று நாலு முறை கடப்பா எம்.பி. அந்த டெல்லி வருஷங்களில் கொண்டுவந்த ஒரு ஆஸ்பத்திரித் திட்டத்தைச் சொல்லுங்கள், பார்ப்போம். டெல்லி டாக்டர் ஹர்ஷ்வர்தனும் அப்படித்தான். 1994-ல் போலியோ சொட்டு மருந்து முகாமை ஆரம்பித்தபோது அவர் டெல்லி மாநில அமைச்சர். ஆஸ்பத்திரியும் பொது சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. நிற்பதென்றால் எம்.எல்.ஏ.வுக்கு நிற்கட்டும்.

மெடிக்கல் ஷாப் மணி:
நகரி பொதுத் தொகுதி அக்கா, அங்கே சீட்டுக்கு அடிதடி. சித்தூர் மக்களவைத் தொகுதி தனித்தொகுதி, இவருக்குக் கேட்க வழி இருக்கிறது. டெபாசிட்கூட 12,500தான். செலவுதான் பூதம். உச்சவரம்பு 95 லட்சம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதோடு நின்றால் நான் கடையை மூடுகிறேன்.

ஏகாம்பரகுப்பம் தறிக்காரன்:
சித்தூருக்கு ஏற்கெனவே டாக்டர் எம்.பி. இருந்தாரே, சிவபிரசாத். 2009-லிருந்து பத்து வருஷம். சினிமாவிலும் நடித்தவர். ஆந்திராவுக்கு ஸ்பெஷல் ஸ்டேட்டஸ் கேட்டு நாரதர் வேஷம், ஹிட்லர் வேஷம் எல்லாம் போட்டுப் பார்லிமென்ட்டுக்குப் போனார். டிவியில் பார்த்துக் கைதட்டினோம், இல்லையென்று சொல்லவில்லை. ஸ்டேட்டஸ் வந்ததா?

சித்தூர் வாத்தியார்:
தம்பி, அவரைக் கிண்டல் பண்ணாதே. வேஷம் போடாவிட்டால் நம் மூலைப் பக்கம் டெல்லி கேமரா திரும்பியிருக்காது.

கலா அம்மா, மாநிலப் பட்டியல் என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் நீட், மருத்துவ ஆணையம், மருந்து விலைக் கட்டுப்பாடு, எல்லாம் டெல்லியில்தானே? திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் வைத்தியம் பார்த்த அன்புமணி மத்திய அமைச்சரானார். பொது இடத்தில் பீடி பிடிக்கக் கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க வந்தது அவர் காலத்தில்தான்.

அப்புறம் இன்னொன்று. ஆந்திரா–தமிழ்நாடு எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் சொன்னபடி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நகரியும் புத்தூரும் இங்கேயே நின்றன. எங்கள் அப்பாவுக்கு வீடு இந்தப் பக்கம், நிலம் பள்ளிப்பட்டில். விடிந்தால் வேறு ராஜ்ஜியத்துக்கு ஏர் ஓட்டப் போனார். அந்த எல்லைக் கோட்டைச் சட்டமாக்கியது பார்லிமென்ட், அம்மா. அங்கே நமக்கென்று பேச ஆள் வேண்டாமா?

குப்பம் கலா (நர்ஸ்):
சார், அன்புமணி போனது ராஜ்யசபா வழியாக, போனதும் அமைச்சர். நம் டாக்டருக்கு யார் அமைச்சர் பதவி கொடுப்பார்கள்? பின் வரிசையில் உட்கார்ந்து வருஷத்துக்கு 5 கோடி தொகுதி நிதியில் பஸ் ஸ்டாப் கட்டுவார். ஹர்ஷ்வர்தன் 2024 மார்ச்சில் அரசியல் போதும், கிருஷ்ணா நகரில் என் காது மூக்கு தொண்டை கிளினிக் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். நம்மவர் இடத்தைச் செல்போன் கடைக்கு வாடகைக்குப் பேசிவிட்டாராமே? கால் முறிந்தால் புத்தூர் கட்டு இருக்கிறது. சர்க்கரைக்கு யார் கட்டுப் போடுவது?

சித்தூர் வாத்தியார்:
மேற்கு வங்கத்தில் டாக்டர் பி.சி. ராய் முதல்வரான பிறகும் நோயாளிகளைப் பார்த்தார். இவரையும் ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது பார்க்கச் சொல்லலாமே.

மெடிக்கல் ஷாப் மணி:
நான் கேட்டுவிட்டேன் சார். "கட்சிக்காரன் பக்கத்தில நின்னா நோயாளி உடம்பைச் சொல்ல மாட்டான், மனு கொடுப்பான்" என்றார்.

குப்பம் கலா (நர்ஸ்):
மனுவுக்கு இப்போதே பயந்தால் எம்.பி. ஆகி என்ன செய்வார்?

சித்தூர் வாத்தியார்:
அதற்குத்தானே அம்மா பி.ஏ. வைத்துக்கொள்கிறார்கள்.

ஏகாம்பரகுப்பம் தறிக்காரன்:
சண்டை நடக்கட்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். டோக்கன் 41, உள்ளே 26 போகிறது. வெளியே வெள்ளைச் சட்டை ஆட்கள் நாலு பேர், டோக்கன் எடுக்காமல் நிற்கிறார்கள்.