விமன்ஸ் மியூசிக் மூலமா ஒரு கூட்டமே உருவாச்சுன்னு சொல்றாங்களே, அது எப்படி?

மணிமொழி23:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் தூக்கம் வராம யூட்யூப்ல சுத்திட்டு இருந்தப்ப கிறிஸ் வில்லியம்சன்னு ஒரு அமெரிக்க பாடகியோட பாட்டு வந்துச்சு, 1975ல வந்த தி சேஞ்சர் அண்ட் தி சேஞ்ச்ட் ஆல்பத்துல இருந்து. பெண்களே பெண்களுக்காக பாடி ரெக்கார்டு போட்ட இந்த மாதிரி பாட்டுங்கள விமன்ஸ் மியூசிக்னு சொல்றாங்க. குரல் ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா என்னை விடிய விடிய உக்கார வச்சது கீழ இருந்த கமெண்ட்ஸ்தான். எழுபது வயசு தாண்டினவங்க எல்லாம் அந்த ரெக்கார்ட முதல்ல யார் வீட்ல கேட்டாங்க, கூட யார் இருந்தாங்க, அவங்கள்ல யார் இப்ப இல்லன்னு எழுதியிருக்காங்க, படிச்சிட்டு அழுதுட்டேன்.

என் கேள்வி இதுதான். ஒரு பாட்டு ஆறுதல் தரும், அது புரியுது. நானும் லெஸ்பியன்தான், ஹாஸ்டல்ல இருக்கேன், மொத்தமே ரெண்டு பேர்கிட்டதான் சொல்லியிருக்கேன், எனக்கும் ஹெட்போன்தான் துணை. ஆனா அது தனியா இருக்கறவ தனியாவே அழறது. அங்க மட்டும் பாட்டு எப்படி மனுஷங்கள ஒண்ணு சேத்துச்சு? வேற என்ன நடந்துச்சு? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

ஏரிக்கரை_செல்வி:

மணி, நீ கேட்டது சரியான கேள்விம்மா. நான் பதினோரு வருஷமா கலிஃபோர்னியாவுல ஓக்லாண்ட் பக்கத்துல இருக்கேன், இந்த கதையோட பாதி இந்த ஊர்லதான் நடந்துச்சு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல்ல அந்த காலத்த நெனச்சுக்கோ. 1973 டிசம்பர் வரைக்கும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட லிஸ்ட்ல நம்ம ஈர்ப்பு ஒரு நோய். கல்யாணமாகி குழந்தை பெத்தவ லெஸ்பியன்னு தெரிஞ்சா கோர்ட்டே குழந்தைய பிரிச்சிடும். மத்தவங்கள பாக்கணும்னா பார்தான், அதுவும் பெரிய ஊர்ல இருந்தா. அந்த வருஷம்தான் நியூயார்க் பக்கத்துல அலிக்ஸ் டாப்கின் லாவெண்டர் ஜேன் லவ்ஸ் விமன்னு ஒரு ஆல்பம் போடறாங்க, அதே வருஷம் வாஷிங்டன்ல ஜூடி டுலுகாச், மெக் கிறிஸ்டியன், ஜின்னி பெர்சன் இன்னும் சில பொண்ணுங்க சேந்து ஒலிவியா ரெக்கார்ட்ஸ் ஆரம்பிக்கறாங்க. ஒரு ரேடியோ பேட்டியில பெண்களுக்குன்னு ஒரு ரெக்கார்ட் கம்பெனி வைக்கலாமேன்னு சொன்னதே இந்த கிறிஸ் வில்லியம்சன்தான். 1974ல 45னு சொல்ற ஒரு சின்ன ரெக்கார்டு, ஒரு பக்கம் மெக், இன்னொரு பக்கம் கிறிஸ். அத வித்து வந்த காசுலதான் மெக்கோட முதல் எல்பி, அதாவது முழு ஆல்பம், ஐ நோ யூ நோ வந்துச்சு.

அந்த எல்பி என்கிட்ட இருக்கு, பழைய ரெக்கார்டு கடையில வாங்கினேன், உறையோட ஓரமெல்லாம் தேஞ்சு பஞ்சு பஞ்சா இருக்கு, எத்தனை கை மாறிச்சோ. அதுல ஸ்கூல் படிக்கற பொண்ணு தன்னோட பிடி டீச்சர் மேல வச்ச ஆசைய பத்தி ஒரு பாட்டு, சபையில பாடினது. அத கேக்கறப்ப நீ பாட்ட விட்டுட்டு சிரிப்ப கேளு. ஒவ்வொரு வரிக்கும் ஹால்ல இருக்கற பொண்ணுங்க எல்லாரும் ஒரே இடத்துல சிரிக்கறாங்க, ஏன்னா அந்த டீச்சர் எல்லாருக்கும் இருந்திருக்காங்க. இப்ப ஏதோ ஒரு சின்ன ஊர்ல கதவ சாத்திக்கிட்டு சத்தத்த கம்மியா வச்சு கேக்கற பொண்ண நெனச்சு பாரு. தனக்கு மட்டும்தான் இப்படின்னு இருந்தவளுக்கு அந்த சிரிப்புல எத்தனை பேர் இருக்காங்கன்னு காதுலயே எண்ணிக்கலாம். எனக்கு முதல் தடவை கேட்டப்ப உடம்பு சிலிர்த்துச்சு.

அப்புறம் நீ கேட்ட "வேற என்ன" இருக்கே, அதுதான் முக்கியம். பெரிய கம்பெனி எதுவும் இந்த ரெக்கார்ட தொடாது, அதனால ஊருக்கு ஊர் ஏதாவது ஒரு பொண்ணு நான் விக்கறேன்னு முன்வந்தா, பெட்டிய கார் டிக்கியில போட்டுக்கிட்டு பெண்கள் புத்தகக் கடை, காபி கடை, மீட்டிங்னு அலைஞ்சா. பாடகிங்க டூர் வந்தா ஹால் பிடிக்கணும், போஸ்டர் ஒட்டணும், நாற்காலி போடணும், பாடறவங்கள யாராவது வீட்ல தங்க வைக்கணும், குழந்தையோட வர்றவங்களுக்காக குழந்தைய பாத்துக்க ஆள் வேணும், காது கேக்காதவங்களுக்கு சைகை மொழியில சொல்ல ஆள் வேணும். ஒரு ராத்திரி கச்சேரிக்கு முப்பது பேர் வேல செஞ்சா, பாடகி மறுநாள் வண்டியேறி போயிடுவாங்க, அந்த முப்பது பேர் அதே ஊர்லதான் இருப்பாங்க. ஊர் கூடி தேர் இழுக்கணும்னு சொல்வோம்ல, இங்க தேர் இழுக்கப் போயிதான் ஊரே கூடுச்சு.

அப்புறம் அந்த பேரு. விமன்ஸ் மியூசிக்னு சொன்னா வெளியில யாருக்கும் எதுவும் தெரியாது, டீச்சர் வேலையில இருக்கறவ கூட பயமில்லாம டிக்கெட் கேக்கலாம். உள்ள இருக்கறவங்களுக்கு அர்த்தம் தெரியும். உன் ஷெல்ஃப்ல அந்த ரெக்கார்டு இருக்கறத பாத்தா வீட்டுக்கு வந்த இன்னொருத்திக்கு நீ வாய திறக்காமலே புரிஞ்சிடும். அந்த தைரியம் வளந்து வளந்து 1977ல ஒலிவியா லெஸ்பியன் கான்சென்ட்ரேட்னு ஆல்பத்துக்கே பேரு வச்சாங்க. ஃபுளோரிடா ஆரஞ்சு ஜூஸ் விளம்பரத்துல வந்த அனிதா பிரயண்ட் நமக்கு எதிரா பிரசாரம் பண்ணிட்டு இருந்த வருஷம் அது, கான்சென்ட்ரேட்னா டப்பாவுல வர்ற கெட்டி ஜூஸ், அந்த பேர வச்சே பதில் சொல்லிட்டாங்க. 1982ல மெக்கும் கிறிஸ்ஸும் நியூயார்க் கார்னகி ஹால்லயே பாடினாங்க.

ஒலிப்பெட்டி_மேடை:

நான் சென்னையில லைவ் சவுண்ட் வேல பாக்கறேன், பதினாலு வருஷமாச்சு. செல்வி அக்கா சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு, மிக்ஸர் பின்னாடி நின்னவங்க.

பாடறதுக்கு பொண்ணுங்கள கூப்பிடுவாங்க, ஆனா கேபிள் சுத்தறதுக்கும் மைக் வைக்கறதுக்கும் மிக்ஸ் பண்றதுக்கும் அந்த காலத்துல யாரும் பொண்ணுங்களுக்கு கத்துக்குடுக்கல. ஒலிவியா ஆளுங்க எல்லா வேலையும் பெண்களே செய்யணும்னு முடிவெடுத்ததால கத்துக்குடுத்தே ஆகணும்னு ஆச்சு. வாஷிங்டன்ல போடன் சாண்ட்ஸ்ட்ரோம் பெண்களே நடத்தற சவுண்ட் கம்பெனி வச்சாங்க. நான் வேலைக்கு சேந்தப்ப ஒரு மேடையில நான் ஸ்பீக்கர் தூக்க போனா நாலு பேர் ஓடி வந்து பிடுங்குவாங்க, ஒரு வருஷம் வரைக்கும் என்ன மிக்ஸர்ல சத்தத்த கூட்டி குறைக்கற ஃபேடர தொடவே விடல, அதனால இந்த விஷயம் எனக்கு நெஞ்சுக்கு ரொம்ப பக்கம். ஒரு பொண்ணு கையில ஒரு வேலைய குடுத்தா அவ அதுல சம்பாதிப்பா, சம்பாதிச்சா வீட்ட விட்டு வெளிய வர முடியும், நமக்கு அதவிட பெரிய விஷயம் எது சொல்லுங்க.

ஒலிவியாவோட ரெக்கார்டிங் இன்ஜினியர் சாண்டி ஸ்டோன், அவங்க திருநங்கை. ராக் கிடாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கூட எல்லாம் வேல பாத்த அனுபவம் உள்ளவங்க, அத அப்படியே மத்த பொண்ணுங்களுக்கு சொல்லிக்குடுத்தாங்க. ஆனா அவங்க பெண்ணே இல்ல, வெளிய அனுப்புன்னு கடுதாசி மேல கடுதாசி வந்துச்சு. ஒலிவியா அவங்க பக்கம்தான் நின்னாங்க, பாய்காட் பேச்சு வரைக்கும் போனதும் கடைசியில சாண்டியே விலகிட்டாங்க. 1979ல பெண்ணிய எழுத்தாளர் ஜானிஸ் ரேமண்ட் தன் புத்தகத்துல சாண்டிய பேர் சொல்லியே தாக்கினாங்க. அதுக்கு பதிலா சாண்டி எழுதின கட்டுரையில இருந்துதான் டிரான்ஸ் ஸ்டடீஸ்ங்கற படிப்பே கிளம்புச்சுன்னு சொல்வாங்க.

கருங்குயில்:

இந்த கதைய சொல்றப்ப எப்பவும் கிடார் வச்சிருக்கற வெள்ளைக்கார பொண்ணுங்க மட்டும் நிக்கறாங்க, அது எனக்கு உறுத்தும். 1928லயே கறுப்பின பாடகி மா ரெய்னி, நான் பொண்ணுங்க கூடத்தான் சுத்தறேன், முடிஞ்சா நிரூபிச்சு பாருன்னு ப்ளூஸ்ல பாடியாச்சு. ஒலிவியாவுலயே லிண்டா டில்லரி, மேரி வாட்கின்ஸ், கவிஞர் பேட் பார்க்கர் எல்லாம் இருந்தாங்க, 1978ல வேரீட் வாய்சஸ் ஆஃப் பிளாக் விமன்னு டூரே போனாங்க. ஆனா ஃபோக் பாட்டுக்கு பழகின கூட்டம் ஃபங்க், ஜாஸ் ரெக்கார்டுங்கள அதே அளவுக்கு வாங்கல. நம்ம பாட்டுன்னு சொல்றப்ப அந்த "நம்ம"ல யாரெல்லாம்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். 1981ல கலிஃபோர்னியாவுல ஒரு பெண்கள் இசை விழாவுல ஸ்வீட் ஹனி இன் தி ராக்குங்கற கறுப்பின பெண்கள் பாட்டுக்குழுவோட பெர்னிஸ் ஜான்சன் ரீகன் பேசினதும் இததான், கூட்டணின்னா வசதியா உக்கார்ற வீடு கிடையாது, அங்க கஷ்டம் இருக்கும்னு. அத தேடி படி மணி, நீளம்தான் ஆனா விடாத.

தாழம்பூ_திருச்சி:

மிச்சிகன் பெண்கள் இசை விழாவ யாரும் சொல்லலயே. 1976ல இருந்து 2015 வரைக்கும் ஒவ்வொரு ஆகஸ்ட்டும் காட்டுக்குள்ள கூடாரம் போட்டு, மேடைய பெண்களே கட்டி, பெண்களே பிரிச்சு, வந்தவங்க எல்லாரும் முறை வச்சு சமையல்ல காய் நறுக்கி, ஒரு வாரம் முழுசா ஒரு ஊரே எழும்பி இறங்கும். ராத்திரி பயமில்லாம தனியா நடந்ததே வாழ்க்கையில அங்கதான்னு போனவங்க சொல்லி படிச்சிருக்கேன், அத நான் சின்னதா பாக்கல. ஆனா 1991ல நான்சி பர்க்ஹோல்டரங்கற திருநங்கைய ராத்திரியோட ராத்திரியா வெளிய அனுப்பினாங்க, பிறப்புலயே பெண்ணா இருந்தாதான் உள்ளன்னு சொன்னத கடைசி வரைக்கும் கைவிடல, எதிர்ல கேம்ப் டிரான்ஸ்னு போராட்ட முகாம் போட்டாங்க. நான் திருநங்கை. நாப்பது வருஷ விழா முடிஞ்சப்ப அழுதவங்க கண்ணீரும் உண்மை, வாசல்ல நிக்க வச்சவங்க கண்ணீரும் உண்மை, எனக்கு ரெண்டாவது கண்ணீர்தான் சொந்தம்.

மணிமொழி23:

தாழம்பூ அக்கா, நீங்க எழுதினத மூணு தடவை படிச்சேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செல்வி அக்கா சொன்ன அந்த பிடி டீச்சர் பாட்ட இப்பதான் தேடி கேட்டேன், சிரிப்பு சத்தம் வந்தப்ப நானும் சேந்து சிரிச்சிட்டேன், ரூம்மேட் என்னடின்னு கேட்டா. எனக்கும் ஒரு டீச்சர் இருந்தாங்க, எட்டாம் கிளாஸ்ல, த்ரோபால் சொல்லிக்குடுத்தாங்க. ரூம்மேட்கிட்ட ஒரு பக்க ஹெட்போன குடுத்து கேக்க சொன்னேன், வேற எதுவும் சொல்லல இன்னும்.

ஒலிப்பெட்டி_மேடை:

அது போதும் இப்போதைக்கு. மணி, நீ சென்னை வந்தா சொல்லு, மாசம் ஒரு தடவை எங்க வீட்டு மொட்டைமாடியில நாலஞ்சு பேர் சேந்து பாட்டு கேப்போம், ஸ்பீக்கர் என்னோடது. தாழம்பூ, நீங்களும் வாங்க.